ஒரு வருஷம் வேற வீட்டுல... தேவிகாபுரத்துல இருந்து ஹோஸ்ட் ஃபேமிலி வரை ஒரு முழு கைடு!

'பிளஸ் ஒன் படிக்கிற வயசுல ஒரு வருஷம் வெளிநாட்டுல, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோட தங்கிப் படிக்கலாம்.' ஆரணிப் பக்கம் தேவிகாபுரத்தில், தறி ஓடுற ஒரு வீட்டில் இதைச் சொன்னால் முதலில் என்ன கேள்வி வரும்? 'எந்த நாடு?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'யார் வீடு?' என்றுதான் கேட்பார்கள். அடுத்த கேள்வி, 'எவ்வளவு செலவாகும்?' மூணாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லோர் மனசிலும் அது இருக்கும்: 'தார் சுத்த, பாவு போட கூட நிக்கிற கை ஒண்ணு ஒரு வருஷம் இல்லேன்னா வீட்டு வேலை எப்படி ஓடும்?'

மூணுமே நியாயமான கேள்விகள். 'ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச்' என்றாலே சென்னையின் பெரிய ஸ்கூல் பசங்களுக்கானது என்று நினைத்து, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிற ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், அவர்களின் அம்மா அப்பாவுக்காகவும், ஆரம்பம் முதல் திரும்பி வருவது வரை தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

எக்ஸ்சேஞ்ச் இயர்னா என்ன?

பள்ளி மாணவர் ஒருவர், ஏறக்குறைய 10 மாதம் இன்னொரு நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் ஸ்கூலில் படிப்பதுதான் எக்ஸ்சேஞ்ச் இயர். ஹாஸ்டல் கிடையாது, டூரும் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராக இருந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வீட்டு வேலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இந்த யோசனைக்குப் பின்னால் போர் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1915-ல், காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போக அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஆரம்பித்த அமைப்புதான் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 'அடிபட்டவங்களைத் தூக்குறதை விட, அடுத்த தலைமுறை அடிச்சுக்காம இருக்கப் பழக்கலாம்' என்ற எண்ணத்தில் 1947-ல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் இந்த அமைப்பு இயங்குகிறது.

எந்தெந்த வழிகள் இருக்கு?

யெஸ் திட்டம்: முழுப் பெயர் கென்னடி - லூகர் யூத் எக்ஸ்சேஞ்ச் அண்ட் ஸ்டடி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தொடங்கிவைத்த முழு ஸ்காலர்ஷிப் திட்டம். கணிசமான முஸ்லிம் மக்கள்தொகை உள்ள நாடுகளின் மாணவர்களுக்கானது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்து வருகிறது. எந்த மத மாணவரும் விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் ஏ.எஃப்.எஸ் வழியாக நடக்கிறது. விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், மாதக் கைச்செலவு எல்லாம் திட்டமே தரும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

ரோட்டரி யூத் எக்ஸ்சேஞ்ச்: பொதுவாக 15 முதல் 19 வயதுக்காரர்களுக்கு. நீண்ட காலத் திட்டம் ஒரு கல்வியாண்டு; குறுகிய காலத் திட்டம் சில நாள் முதல் மூன்று மாதம் வரை. ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோடு தங்குவது இதன் வழக்கம். நம்ம வீட்டில் யாரும் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து டவுனில் இருக்கிற ரோட்டரி கிளப்பில் நேரில் விசாரித்தாலே போதும்.

ஆசியா ககேஹாஷி: ஜப்பான் அரசின் நிதியில் 2018-ல் தொடங்கிய திட்டம். 'ககேஹாஷி' என்றால் பாலம். ஆசிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1,000 பேரை ஐந்து ஆண்டுகளில் வரவழைப்பதுதான் அப்போதைய இலக்கு. இந்திய மாணவர்களும் போயிருக்கிறார்கள்.

காசு கட்டிப் போவது: நிறைய அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புகின்றன. செலவு லட்சங்களில் வரும். பகுதி ஸ்காலர்ஷிப் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு வருஷம் ரொம்பப் பெரிசு என்று தோன்றினால் சின்னதாகவும் ஆரம்பிக்கலாம். 2014-ல் ஜப்பான் தொடங்கிய 'சகுரா சயின்ஸ்' திட்டத்தில், இந்தியாவின் பள்ளி மாணவர்கள் சில நாள் பயணமாக ஜப்பானுக்குப் போய் வருகிறார்கள். தமிழ்நாடு அரசும் அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறது. 'இந்த வருஷம் அறிவிப்பு வந்திருக்கா?' என்று தலைமையாசிரியரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அரசு நிதியில் நடக்கிற திட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும், நிற்கவும் செய்யும். போன வருஷம் போன அண்ணன் சொன்னதை நம்பாமல், இந்த வருஷத்து அறிவிப்பை அதிகாரபூர்வ இணையதளத்தில் பாருங்கள். 'ஸ்காலர்ஷிப் சீட் வாங்கித் தர்றேன், ஒரு அமவுன்ட் கட்டுங்க' என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் அந்த நம்பரை பிளாக் பண்ணிவிடலாம்.

நான் போக முடியுமா?

அமெரிக்காவுக்கான ஜே-1 பள்ளி மாணவர் விசாவின் விதிகள் இவை: திட்டம் தொடங்கும்போது வயது 15 முதல் பதினெட்டரைக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி, யூ.கே.ஜி தவிர்த்து 11 வருஷத்துக்கு மேல் பள்ளிப் படிப்பை முடித்திருக்கக் கூடாது. இதற்கு முன் இதே மாதிரி திட்டத்தில் அமெரிக்காவில் படித்திருக்கக் கூடாது. அதாவது பிளஸ் டூ முடித்துவிட்டு 'இப்ப போலாமா?' என்று கேட்டால் கதவு மூடியிருக்கும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதே யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

'எனக்கு இங்கிலீஷ் ஓட்டம் பத்தாதே' என்ற பயம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இருக்கும். ஆங்கிலத் தேர்வு ஒன்று இருக்கத்தான் செய்யும். அதற்குத் தயாராக வேண்டும். ஆனால் ஸ்டைலாகப் பேசுவதும் புரிந்துகொண்டு பதில் சொல்வதும் வேறு வேறு. குழு விளையாட்டு, நேர்காணல், கட்டுரை எல்லாவற்றிலும் பார்ப்பது, இந்தப் பிள்ளை புது இடத்தில் ஒட்டிக்கொள்ளுமா, கஷ்டம் வந்தால் வாய் திறந்து சொல்லுமா என்பதைத்தான். தினமும் 20 நிமிஷம் ஆங்கிலத்தில் எதையாவது கேட்டு, அதை நம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லி போனில் ரெக்கார்ட் செய்து பழகுங்கள். மூணு மாசத்தில் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒரு வருஷம் வீணாகுமா?

நேர்மையான பதில்: இங்கே ஒரு வகுப்பு தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். அங்கே படித்த வருஷத்துக்கு டிப்ளோமா தருவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது அந்தப் பள்ளியின் முடிவு. நம்ம ஊர் ஸ்கூல் ஜூனில் ஆரம்பிக்கிறது, அமெரிக்கக் கல்வியாண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரம்பித்து மே, ஜூனில் முடிகிறது. இரண்டும் பொருந்தாது.

அதனால் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, திரும்பி வந்ததும் எந்த வகுப்பில், எந்த குரூப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு எழுத்தில் வாங்குவது. இரண்டு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டுப் போவதா, பிளஸ் ஒன் முடித்துவிட்டா என்று வயது வரம்போடு சேர்த்துக் கணக்குப் போடுவது. மூன்று, நீட் மாதிரி தேர்வு மனசில் இருந்தால், ஒரு வருஷம் அந்தப் பாடங்களில் இருந்து விலகி இருக்கப்போகிறோம் என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசுவது. 'போயிட்டு வந்து பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், திரும்பி வந்தபின் அது சண்டையாகத்தான் முடியும்.

செலவு எவ்வளவு?

முழு ஸ்காலர்ஷிப் என்றாலும் பாஸ்போர்ட், சென்னைக்குப் போய் வருகிற பஸ் காசு, நல்ல ஷூ, குளிர் உடுப்பு, பெட்டி என்று கையில் இருந்து கொஞ்சம் போகும். ரோட்டரியில் தங்குமிடமும் சாப்பாடும் ஹோஸ்ட் குடும்பங்கள் தருகின்றன. ஆனால் விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், விசா செலவு பெற்றோருடையது. பல இடங்களில், 'உங்க பிள்ளை போற மாதிரி, அங்கிருந்து வர்ற பிள்ளையை நீங்களும் வெச்சுக்கணும்' என்ற எதிர்பார்ப்பும் உண்டு. தறிக்குழியும் சமையலறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் இது எப்படி முடியும் என்று முதலிலேயே கேளுங்கள். கிளப்பே வேறு வீடு ஏற்பாடு செய்யுமா என்பதையும் பேசித் தெளிவு பண்ணிக்கொள்ளலாம்.

காசு தவிர இன்னொரு செலவும் இருக்கிறது. நெசவு வீட்டில் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து செய்கிற சின்னச் சின்ன வேலைக்குக் கணக்கு யாரும் எழுதுவதில்லை. அந்தக் கை இல்லையென்றால் புடவை இறங்குவது தாமதமாகும். புடவை தாமதமானால் கூலி தாமதமாகும். இதை அம்மா அப்பா சொல்ல மாட்டார்கள். நீங்களே பேச்சை எடுங்கள். 'நான் இல்லாதப்ப தார் யார் சுத்துவா?' என்று நீங்கள் கேட்கிற அந்தக் கேள்வியிலேயே, அனுப்பலாமா வேண்டாமா என்ற பாதிக் குழப்பம் தீரும்.

பேப்பர் வேலை: பேர்ல இருந்து ஆரம்பிங்க!

தமிழர்களுக்கு வருகிற ஒரு தலைவலி, இனிஷியல். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பேர் கவிதா, அப்பா பேர் சேகர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் 'கவிதா' குடும்பப் பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அப்புறம் ஸ்கூல் அட்டையிலும் பேங்க்கிலும் உங்கள் பேரே அதுதான்! பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பேரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. 'மிஸ் சேகர்' என்று டீச்சர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட் மூன்றிலும் எழுத்துக் கூட்டல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்: 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு அம்மா, அப்பா இருவரின் சம்மதமும் வேண்டும். அதற்கென்றே தனிப் படிவம் உண்டு. பெற்றோருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் போலீஸ் வெரிஃபிகேஷனுக்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம். தேர்வான பிறகு ஓடுவதை விட, விண்ணப்பிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

விசா: தேர்வானதும் அனுப்பும் அமைப்பு டி.எஸ்-2019 என்ற படிவத்தைத் தரும். அதை வைத்துதான் விசா விண்ணப்பம். நேர்காணல் சென்னையில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். கேள்விகள் எளிமையாகத்தான் இருக்கும்: ஏன் போறீங்க, எந்த ஊர், எப்போ திரும்புவீங்க. மனப்பாடம் பண்ணின பதில் தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் போதும்.

சோஷியல் மீடியா: 2025 ஜூன் முதல், ஜே உள்ளிட்ட மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அமெரிக்கா சொல்லியிருக்கிறது. பழைய இன்ஸ்டா ஐடி, மறந்துபோன இரண்டாவது அக்கவுன்ட் எல்லாம் கணக்கில் வரும். எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தடுப்பூசி: அங்கே ஸ்கூலில் சேர தடுப்பூசிப் பதிவு கட்டாயம், எந்தெந்த ஊசி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழந்தையில் போட்ட அட்டையைத் தேடி எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, விட்டுப்போனதைக் கேளுங்கள். நம்ம ஊரில் பிறந்ததும் பி.சி.ஜி ஊசி போடுவதால், காசநோய்க்கான தோல் பரிசோதனையில் நோய் இல்லாமலேயே 'பாசிட்டிவ்' வரலாம். 'எனக்கு பி.சி.ஜி போட்டிருக்கு, ரத்தப் பரிசோதனை செய்யலாமா?' என்று கேட்கத் தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் மிச்சம்.

அந்த வீட்டுக்காரங்க யாரு?

அம்மா கேட்ட முதல் கேள்விக்கு இப்போது பதில். அமெரிக்க ஜே-1 பள்ளி மாணவர் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டு ஏற்கிறார்கள். அவர்களுக்கான விதிகள் இவை:

* வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மேலும் குற்றப் பின்னணி சோதனை நடக்கும்.
* வீட்டுக்கே வந்து நேரில் பேசுவார்கள்; வெளியாட்களிடமும் விசாரிப்பார்கள்.
* மாணவருக்குத் தனிக் கட்டில் வேண்டும். அறையைப் பகிர்ந்தால், ஒரே பாலினத்தைச் சேர்ந்த ஒருவரோடு மட்டும்.
* ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கிற வீடு என்றால், மாணவரும் பெற்றோரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.
* உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு முறையாவது மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும்.

இதையெல்லாம் அம்மா அப்பாவிடம் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். குடும்ப விவரம் கைக்கு வந்ததும், வீட்டில் யார் யார், என்ன வேலை, நாய் பூனை உண்டா, ஒருங்கிணைப்பாளர் பேர், நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கம் வராத அன்றைக்கு அந்தத் தாள் உதவும்.

ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஒரு கடிதம்

விண்ணப்பத்திலேயே, இன்னும் யாரென்று தெரியாத அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதமும் சில போட்டோக்களும் கேட்பார்கள். அதைப் படித்துத்தான் 'இந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வரட்டும்' என்று முடிவெடுப்பார்கள்.

இங்கேதான் நம்ம பிள்ளைகள் தடுமாறுவார்கள். வீட்டில் சோபா இல்லை, தனி ரூம் இல்லை என்று மறைத்து, கூகுளில் எடுத்த கடிதத்தை அனுப்புவார்கள். வேண்டாம்! 'எங்க வீட்டு நடு ஹாலில் தறி இருக்கு. நான் தூங்குறதும் படிக்கிறதும் அந்தச் சத்தத்துலதான். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் பாவு இழை இருக்குன்னு எங்க அப்பா கண்ணை மூடிட்டுச் சொல்வார்.' இப்படி எழுதுங்கள். இதை இன்னொருத்தர் எழுத முடியாது. போட்டோவிலும் ஸ்டூடியோ படம் வேண்டாம். ஜரிகை நூலோடு அம்மா, தெருவில் சைக்கிள், மலை மேல் கனககிரீஸ்வரர் கோயில், கீழே பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரம் போதும். உங்களுக்கு எது ஒத்துக்காது, எது சாப்பிட மாட்டீர்கள், எதற்குப் பயம் என்பதையும் சொல்லுங்கள். நாய்க்குப் பயம் என்பதை மறைத்து, இரண்டு நாய் இருக்கிற வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

வீட்டுலயே ரிகர்சல்

பழக்க வழக்கம் மாறுவதுதான் உண்மையான தேர்வு. போவதற்கு மூணு மாசம் முன்பிருந்தே ஆரம்பிக்கலாம்.

'வேணாம்' என்பது ஒரு தடவைதான்: நம்ம ஊரில் 'சாப்பிடுறியா?' என்றால் மரியாதைக்கு 'வேணாம்' என்போம். மூணாவது தடவை கட்டாயப்படுத்திப் போடுவார்கள். அங்கே ஒரு தடவை 'நோ' என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள்.

தலையாட்டல்: நம்ம தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரியாது. வாயைத் திறந்து 'யெஸ்', 'நோ' சொல்லிப் பழகுங்கள்.

நன்றி: அம்மாவிடம் யாராவது 'தேங்க்ஸ்' சொல்வோமா? அங்கே உப்பு டப்பாவை நகர்த்தினாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எப்படிக் கூப்பிடுறது? பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு வராது. முதல் நாளே, 'உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் பேரைச் சொல்லச் சொன்னால், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

வேலை: பாத்திரம் கழுவுவது, துணி மெஷின் போடுவது, பாத்ரூம் துடைப்பது. ஆண் பிள்ளைகளும் செய்தாக வேண்டும். 'எங்க வீட்டுல தங்கச்சி செய்வா' என்ற பதில் அங்கே செல்லாது. இங்கேயும் செல்லக் கூடாது என்பது வேற விஷயம்.

பீரியட்ஸ்: அங்கே தீட்டு, தனியே உட்காருவது எதுவும் இல்லை. நாப்கினை எங்கே போடுவது, வலி வந்தால் யாரிடம் சொல்வது என்று முதல் வாரமே ஹோஸ்ட் அம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் அம்மாவோடு இதை வெளிப்படையாகப் பேசிப் பழகினால், அங்கே கேட்பது சுலபம்.

சாமி: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூப்பிடலாம். பார்க்கப் போவது உங்கள் விருப்பம்; கட்டாயம் இல்லை. சின்ன சாமி படம் அறையில் வைத்துக்கொள்ளலாமா, தொழுகைக்கு எந்தத் திசை என்று நீங்களும் கேட்கலாம்.

விதிகள்: ரோட்டரியில் பிரபலமான நான்கு தடைகள் உண்டு: குடி, போதை, வண்டி ஓட்டுவது, டேட்டிங். மற்ற அமைப்புகளும் ஏறக்குறைய இப்படித்தான். வயக்காட்டு ரோட்டில் அண்ணன் பைக்கை ஓட்டினவர்கள், அங்கே சாவியைத் தொட்டாலே திருப்பி அனுப்பப்படலாம்.

பெட்டியில என்ன வைக்கிறது?

பரிசுக்குக் கடையில் தேட வேண்டாம். தறியில் இருந்து வந்த சின்னப் பட்டுத் துண்டு ஒன்று, கூடவே கொஞ்சம் ஜரிகை, ஒரு நாடா. 'இது எங்க வீட்டுல நெய்தது' என்று சொல்ல முடிகிற பரிசு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அமெரிக்கப் பள்ளிகளில் நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரம் வரும். எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவார்கள். பாவு எது, ஊடை எது என்று நூலை வைத்துக் காட்ட ஐந்து நிமிஷ ஆங்கிலப் பேச்சு ஒன்றை இங்கேயே தயார் பண்ணுங்கள். அப்பா நெய்வதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுப் பொருளில் கவனம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், அரிசி, கறி சேர்த்தவை எதுவும் அமெரிக்கா போகும் பெட்டியில் வேண்டாம். ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். பொடி வகைகளை நன்றாகப் பேக் செய்து, என்ன இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

நம்ம ஊர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. போன் சார்ஜரில் '100-240' என்று அச்சடித்திருந்தால் பின் மாற்றி மட்டும் போதும். அம்மா ஆசையாகக் கொடுக்கிற ரைஸ் குக்கர் அங்கே சரியாக வேலை செய்யாது. மருந்து கொண்டுபோனால், டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

அழுகை வரும்... வரட்டும்!

புது நாட்டில் வருகிற தடுமாற்றத்தை 'கல்ச்சர் ஷாக்' என்று விளக்கிப் பிரபலமாக்கியவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க், 1950-களில். 1955-ல் நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், வெளிநாடு போய் வந்தவர்களின் மனநிலை ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி இருப்பதாகச் சொன்னார்: முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம். 1963-ல் குல்லஹார்ன் தம்பதி இன்னொரு சரிவையும் சேர்த்தார்கள்: ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வருவது.

எல்லோருக்கும் இந்தக் கோடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ரெண்டாவது, மூணாவது மாசம் எல்லாம் கசந்து, பனியும் இருட்டுமாக இருக்கும்போது 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைக்காமல் இருக்க இது உதவும்.

அப்போது கை தானாக வாட்ஸ்அப் வீடியோ காலுக்குப் போகும். தினமும் இரண்டு மணி நேரம் ஊரோடு பேசினால் உடம்பு அங்கே, மனசு தேவிகாபுரத்தில் என்று ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள், குறித்த நேரத்தில் பேசுவது என்று போவதற்கு முன்பே முடிவு பண்ணுங்கள். அமெரிக்கக் கிழக்குப் பகுதியை விட நாம் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே சனிக்கிழமை காலை என்றால் இங்கே சாயங்காலம்; தறி நிற்கிற நேரத்துக்குச் சரியாக வரும். பங்குனி உத்திரத்துக்கு ஊரே திரண்டு நிற்கும்போது நீங்கள் மட்டும் இல்லாமல் இருப்பது வலிக்கும். அன்றைக்கு ஒரு போன் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஏதாவது தப்பா நடந்தா?

ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. சாப்பாடு பிடிக்கவில்லை, வீட்டில் தனிமையாக இருக்கிறது என்றால் முதலில் ஹோஸ்ட் குடும்பத்தோடு, பிறகு ஒருங்கிணைப்பாளரோடு பேசலாம். குடும்பத்தை மாற்றித் தருவது நடைமுறையில் உள்ளதுதான். அது தோல்வி இல்லை.

யாராவது தொடக் கூடாத மாதிரி தொட்டால், போட்டோ கேட்டால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், சாப்பாடு தராவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளரிடமும், அனுப்பிய அமைப்பிடமும் உடனே சொல்லுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை ஜே-1 மாணவர்களுக்கென்றே தனி உதவி எண் வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 911. இந்த எண்களை போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வையுங்கள். 'நம்மளைத் திருப்பி அனுப்பிடுவாங்களோ', 'அப்பா கஷ்டப்பட்டு அனுப்பினாரே' என்று வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரிய ஆபத்து. அப்பாக்களே, கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: 'என்ன நடந்தாலும் சொல்லு, நாங்க திட்ட மாட்டோம்.'

திரும்பி வந்த பிறகு

அரசு நிதியில் ஜே-1 விசாவில் போனவர்களுக்கு 'இரண்டு வருஷ விதி' உண்டு. சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருஷம் இருந்த பிறகுதான் அமெரிக்காவில் ஹெச், எல் வகை வேலை விசாவோ, நிரந்தர வசிப்புரிமை அட்டையோ பெற முடியும். மேல்படிப்புக்கான எஃப்-1 மாணவர் விசாவுக்கு இந்தத் தடை இல்லை. 'இப்படியே போய் அங்கேயே செட்டிலாகிடலாம்' என்று யோசனை சொல்கிற மாமாக்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் வேறு மாதிரி சரிவு வரும். கிளாஸ்மேட்ஸ் பிளஸ் டூவில் இருப்பார்கள், நீங்கள் ஜூனியர்களோடு. 'அமெரிக்கா போயிட்டு வந்த பொண்ணு' என்று ஒரு பக்கம் பெருமை, 'ரொம்பத்தான் பேசுது' என்று இன்னொரு பக்கம். கொஞ்ச நாள் பொறுமை தேவைப்படும், உங்களுக்கும் ஊருக்கும்.

எப்போ என்ன?

* ஒன்பதாம் வகுப்பு: வீட்டில் பேச்சை ஆரம்பிப்பது, பேர் எழுத்துக் கூட்டல் சரிசெய்வது, ஆங்கிலம் கேட்டுப் பழகுவது.
* போவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு: அறிவிப்புகளைப் பார்ப்பது, பாஸ்போர்ட், தலைமையாசிரியரிடம் பேச்சு.
* ஒரு வருஷம் முன்பு: விண்ணப்பம், கடிதம், போட்டோ, நேர்காணல்.
* ஆறு மாதம் முன்பு: தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பள்ளியிடம் எழுத்துப்பூர்வ பதில்.
* மூன்று மாதம் முன்பு: விசா, வீட்டு வேலை ரிகர்சல், ஐந்து நிமிஷப் பேச்சு.
* கடைசி வாரம்: எல்லா ஆவணங்களுக்கும் இரண்டு நகல், ஒன்று பெட்டியில், ஒன்று அம்மாவிடம்.

விண்ணப்பித்த எல்லோரும் தேர்வாக மாட்டார்கள், தேர்வாகாதவர்கள்தான் அதிகம். ஆனால் அதற்காக எடுத்த பாஸ்போர்ட், சரிசெய்த பேர், கற்றுக்கொண்ட ஆங்கிலம், கழுவிப் பழகின பாத்திரம் எதுவும் வீண் போகாது. முக்கியமாக, பதினைந்து வயதில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து காசு, படிப்பு, பயம் மூணையும் ஒளிவு மறைவு இல்லாமல் பேசியிருப்பீர்கள். அந்தப் பேச்சை இன்றைக்கு ராத்திரி, தறி நின்றதும் ஆரம்பிக்கலாம்.